மூலை மனைக்கு ஊற்றிய தண்ணீர்

சிங்கராயர் பேர் மாற்றிக்கொண்டதில் அமலிக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பேர் அவருடையது, மாற்றிக்கொள்ளட்டும். வேட்டியை விட்டுவிட்டுப் பட்டுக் கைலி கட்டினார், கட்டிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி புத்தர் பகோடாவில் மெழுகுவத்தி ஏற்றினார், அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விவகாரம். ஆனால் அவளுடைய மூலை மனையில் கை வைத்தார் பாருங்கள், அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்த மனை கிடைத்த கதையே தனி. ரங்கூனுக்குள் மூச்சு முட்டக் கிடந்த சனத்துக்காக, வடக்கே ஒக்கலாபாவில் வயலையும் சதுப்பையும் நிரவிச் சர்க்கார் மனை பிரித்துக்கொண்டிருந்த சமயம். அமலியின் புருஷன் ஞானமுத்து துறைமுகத்தில் குமாஸ்தா. டவுனில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை, அதில் புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை செசிலியா, மழை பெய்தால் நாலு பக்கமும் ஒழுகல். "ஒக்கலாபாவுல போயி யாரு குடியிருப்பா? அட்டைப்பூச்சிதான் குடியிருக்கும்" என்று ஞானமுத்து சிரித்தார். அமலி சிரிக்கவில்லை. முழங்கால் சேற்றில் தெருத் தெருவாக நடந்து பார்த்துவிட்டு வந்தாள். ஊரே சந்தைக்குப் பக்கத்து மனைக்கு அடித்துக்கொண்டபோது அவள் கடைசித் தெருவின் மூலையைக் காட்டினாள்.

"என்னங்க, என்னைக்காச்சும் இங்க பஸ்ஸு வரும். வந்த பஸ்ஸு திரும்பிப் போகணும்ல? திரும்புற அகலம் இந்த மூலையிலதான் இருக்கு."

ஞானமுத்துவுக்கு அது பைத்தியக்காரப் பேச்சாகத்தான் பட்டது. ஆனாலும் பெண்டாட்டி பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத மனிதர். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இரண்டு பேரும் ரங்கூனிலேயே பிறந்து, ரங்கூனிலேயே ஞானஸ்நானம் வாங்கி, ரங்கூனிலேயே மாலை மாற்றியவர்கள். இருந்தும் கையில் இருந்தது வெளிநாட்டார் பதிவு அட்டை. அந்த அட்டைக்காரன் பேரில் மனை எழுதமாட்டார்கள். குடியுரிமைக் காகிதம் வாங்கி வைத்திருந்தவர் சிங்கராயர்தான். அரிசித் தரகர், அதே கோயில் பங்கைச் சேர்ந்தவர், செசிலியாவுக்கு ஞானத்தகப்பனாகக் கோயிலில் நின்றவர். அமலி அவரை அண்ணே என்பாள், ஞானமுத்து மச்சான் என்பார். அந்த மனிதர் பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொன்னார்:

"இந்தப் புள்ள மேல சத்தியம், தங்கச்சி. பேரு மட்டுந்தான் எம் பேரு. மனை உன்னுது."

அமலி கழுத்துச் சங்கிலியையும் கை வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். மனை வந்தது.

மனையா அது? குளம். உடைந்த செங்கல்லும் நெல்லுமிச் சாம்பலும் வண்டி வண்டியாகக் கொட்டி மேடாக்கினாள். மூங்கில் தட்டி கட்டி ஓலைக்கூரை போட்டார்கள். கிணறு வெட்டினார்கள், தெருவில் எல்லார் கிணறும் சவர் அடிக்க, அமலி கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது. வேலியோரம் ஒரு பலாக்கன்று வைத்தாள். வாசலில் அடுப்பு மூட்டி, பர்மாக்காரர்கள் பெயாஜோ என்று உயிரை விடும் பருப்பு வடையைச் சுட்டு விற்றாள். மொய்த்தது கூட்டம்.

எதிர்வீட்டு டோ மியாதான் முதல் வாடிக்கை. டோ மியா, கைம்பெண், சுருட்டுக்காரி, தெருவுக்கே பெரியம்மா. காலையில் பொங்கிமார் எனும் புத்த பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தோடு வரிசையாக வருவார்கள். டோ மியா சோறு போடுவாள். அமலியும் சூடாக இரண்டு வடை போடுவாள். சாமி வேறானாலும் பசி ஒன்றுதானே என்பாள். அப்படிப் போட்டுவிட்டு ஒருநாள் பர்மியப் பேச்சில் பெருமையாகச் சொன்னாள், "நான் வடை லூடே" என்று. டோ மியா சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி மா அமலி! பொங்கிகிட்டயிருந்து வடையப் பிடுங்கினியா?"

விஷயம் இதுதான். பர்மியத்தில் தானம் கொடுத்தேன் என்பதற்கு ஹ்லூடே. பிடுங்கிக்கொண்டேன் என்பதற்கு லூடே. முன்னதற்கு நாக்கு புரளும் முன்பே மூக்கு வழியாக ஒரு மூச்சை விட வேண்டும். அந்த மூச்சுதான் நம் தமிழ் நாக்குக்கு வருவதில்லை. கொடுத்தாலும் லூடே, பிடுங்கினாலும் லூடே. "மூக்கால மூச்சு விடு, மா அமலி, மூக்கால!" என்று டோ மியா மூக்கைப் பிடித்துக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், "போ, நீ லூடேன்னா ஹ்லூடேன்னு நானே எடுத்துக்கறேன்" என்று விட்டுவிட்டாள். தெருவும் அப்படியே எடுத்துக்கொண்டது.

அறுபத்து மூன்றில் பஸ் வந்தது. வந்த பஸ் எங்கே திரும்பியது? அமலியின் மூலையில். அதுதான் கடைசி நிறுத்தம். ஞானமுத்து வாசலில் நின்று பஸ் திரும்புவதைப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தார். "நீ பெரிய ஆளுடி" என்றார். அன்றைக்கு அமலிக்குக் கால் தரையில் பாவவில்லை. முன்பக்கம் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விடலாம், பின்னால் செங்கல் வீடு, செசிலியாவைக் கான்வென்ட்டில் சேர்க்கலாம் என்று ராத்திரி பகலாகத் திட்டம் போட்டாள்.

ஒருநாள் அதே பஸ்ஸில் வந்து இறங்கினார் சிங்கராயர். பட்டுக் கைலி, தலையில் பர்மியத் தலைப்பாகை. வடை வேண்டாம் என்றார், உட்காரவும் மாட்டேன் என்றார். கிழக்கே மேற்கே காலால் அளந்தார். இங்கே வரிசையாக எட்டுக் கடை எழுப்பப் போவதாகவும், மழைக்கு முன்பு அவர்கள் காலி செய்ய வேண்டும் என்றும் சாதாரணமாகச் சொன்னார்.

அமலிதான் கேட்டாள்.

"அண்ணே, என்ன பேசுறீங்க? புள்ள தலையில கை வச்சு சத்தியம் பண்ணீங்களே!"

"அந்தச் சத்தியம் சிங்கராயர் பண்ணுனது, அமலி. நான் ஊ செய்ன் லா. நான் புத்த சமயம். அந்த ஆளு பண்ணுன சத்தியத்துக்கு என்னைய வந்து கேக்குறியே?"

பேர் ஊ செய்ன் ஹ்லா. ஊ மரியாதைக்கு, செய்ன் என்றால் வைரம், ஹ்லா என்றால் அழகு. மூஞ்சியைப் பார்த்தால் இரண்டும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தன் பேரையே அவருக்குச் சொல்ல வரவில்லை. ஹ்லா என்று சொல்ல வேண்டியதை லா என்றார். அமலி அழுதுகொண்டிருந்த நேரத்திலும் அதைக் கவனித்தாள்.

எங்கே போய் முறையிடுவது? காகிதம் அவர் பேரில். வாய் திறந்தால், அட்டைக்காரன் எப்படி மனை வாங்கினாய் என்று இவர்களைத்தான் கேட்பார்கள். மழைக்கு முன்பு சட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டோ மியா வீட்டுப் பின்கட்டில் ஒரு சாய்ப்பில் ஒதுங்கினார்கள். தன் கிணற்றைத் தினம் எதிரில் நின்று பார்க்க வேண்டியிருந்தது அமலிக்கு. வயிறு எரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

"விட்டுடு அமலி. ஆண்டவர் பாத்துப்பாரு" என்றார் ஞானமுத்து.

"ஆண்டவருக்கு ஆயிரம் வேலை. இது என் வேலை" என்றாள் அமலி.

என்ன வேலை, எப்படிச் செய்வது, அவளுக்கே தெரியாது. கறுவிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் டோ மியா சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன் மா அமலி, நல்லாத்தானே இருந்தீங்க? மனைய விட்டு ஏன் வந்தீங்க? ஊ செய்ன் ஹ்லா என்ன பண்ணப் போறாரு?"

அமலிக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. மூக்கு அடைக்க, பர்மியத்தில் கத்தினாள். "லூடே! அந்த ஆளு என் மனைய லூடே!"

டோ மியாவின் கையிலிருந்து சுருட்டு விழுந்தது. முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"தாது! தாது! தாது!"

தானத்தைக் கேட்டால் பர்மியர் மும்முறை வாழ்த்தும் சொல் அது. நன்று, நன்று, நன்று என்று அர்த்தம். அமலி அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். டோ மியா கண் கலங்கச் சொல்லிக்கொண்டே போனாள். வட்டாரத்துக்குக் கூடிக் கும்பிட ஒரு மண்டபம், ஒரு தம்மயோன் இல்லை, விரத நாளில் எல்லாரும் ஒழுகுகிற கித்தானுக்குக் கீழே உட்கார்ந்து கும்பிடுகிறார்கள், மூலை மனையைத் தானம் பண்ணும் மனசு யாருக்கு வரும், அதனால்தானே உங்களைக் காலி பண்ணச் சொன்னார், அதற்குத்தான் நீ அழுகிறாயா, அழாதே மா அமலி, உனக்கும் அதில் புண்ணியம் உண்டு.

திருத்திவிடலாம் என்று அமலி வாயைத் திறந்தாள். நிஜமாகவே திறந்தாள். பிறகு எதிரே அந்தக் கிணற்றைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"தண்ணி ஊத்தியாச்சுன்னா?" என்று மட்டும் கேட்டாள். நம் பக்கம் தாரை வார்ப்பதுபோல் அங்கேயும் தானத்தைத் தண்ணீர் ஊற்றித்தான் முடிப்பார்கள்.

"ஊத்தியாச்சுன்னா சாசன பூமி, புத்தருக்கே சொந்தம். ராஜாவே வந்தாலும் திருப்பி வாங்க முடியாது" என்றாள் டோ மியா.

அன்று அமலி இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். ஏன் என்று ஞானமுத்துவுக்குப் புரியவில்லை.

செய்தி வட்டாரம் முழுக்கப் பரவியது. சிங்கராயர் மாவ்பி ஊரில் நெல் கொள்முதலில் இருந்தார், அவர் காதுக்கு எதுவும் போகவில்லை. பஸ் கண்டக்டர் வழியாக ஒரு சேதி மட்டும் போயிற்று: வாசோ பௌர்ணமியன்று உங்கள் மனைக்கு வட்டாரமே திரண்டு வருகிறது, சர்க்கார் அதிகாரியும் வருகிறார், அவசியம் வர வேண்டும். வட்டாரக் குழுவில் ஓர் இடம் பிடிக்க நாயாய் அலைந்துகொண்டிருந்தவர் அவர். கடைக்கு அஸ்திவாரம் போடுவதற்கே இத்தனை மரியாதையா என்று நினைத்திருப்பார். புதுத் தலைப்பாகை, கூடவே கொத்தனார் என்று ஜோராக வந்து இறங்கினார்.

மேளம் முழங்கியது. பூச்செண்டு கொடுத்தார்கள். தூறலில் குடை பிடித்து அழைத்துப் போனார்கள். அமலி கட்டிய வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பொங்கிமார் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அவர்களுடைய தலைவர், கிழட்டுச் சயாடோ. பக்கத்தில் சீருடையில் அதிகாரி. முன்னால் ஒரு வெள்ளிக் கிண்ணமும் தண்ணீர்ச் செம்பும். அதைப் பார்த்ததும்தான் சிங்கராயருக்கு விஷயம் விளங்கியது.

"உங்களை மாதிரி ஆளுங்கதான் இந்த நாட்டுக்கு வேணும், ஊ செய்ன் ஹ்லா" என்று அதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூலை மனையைத் தானம் பண்ண யாருக்கு மனசு வரும்?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? எப்படிச் சொல்வார்? சொன்னால் அத்தனை சனமும் காறித் துப்பும். சயாடோவை வரவழைத்து வெறுங்கையோடு அனுப்பிய புத்த சமயத்தான் எவன் என்று அதிகாரி கேட்பார். பேர், கைலி, காகிதம், குழு எல்லாம் அந்த ஒரு இல்லையில் போய்விடும். வியர்த்து வழிந்தது மனிதருக்கு. கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். கதவோரம் வடைத் தட்டோடு நின்றாள் அமலி.

கிட்டத்தில் வந்து தமிழில் சீறினார். "அடிப்பாவி, இது உன் வேலையா? தப்புன்னு சொல்லு இவங்ககிட்ட."

"நான் எங்க சொல்லுறது? மனை உங்களுது. சிங்கராயர் அண்ணன்னா எனக்குத் தெரியும், நாலு வார்த்தை பேசலாம். நீங்க யாரோ ஊ செய்ன் லா."

"தங்கச்சி, உன் கால்ல வேணும்னாலும் விழுறேன். இந்த மனை உன்னுதுன்னு இப்பவே சொல்லிடறேன். நீ ஆமான்னு சொன்னாப் போதும். தானம் பண்ண எனக்கு உரிமையில்லன்னு ஆயிடும். நீயே வச்சுக்க, நீயே இரு. செசிலியா மேல சத்தியம்!"

மறுபடியும் அதே பிள்ளை, அதே சத்தியம். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். காகிதம் அவர் பேரிலேயே கிடந்தாலும், சயாடோ முன்னால், அதிகாரி முன்னால் அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டால் நாளைக்கு மாற்றிப் பேச முடியாது. கிணறு வரும். பலாமரம் வரும். கூடம் வரும். ஞானமுத்து தூணோரம் நின்று, ஆமாம் என்று சொல்லேன் என்பதுபோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி அண்ணே" என்றாள். "மனை யாருதுன்னு மட்டும் சொன்னா இவங்களுக்குப் புரியாது. மனைய நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. பிடுங்கினேன்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை."

சிங்கராயர் சயாடோ முன்னால் மண்டியிட்டார். கூட்டம் அடங்கியது. தன் தமிழ் நாக்கால், பர்மியத்தில் சொன்னார்:

"சயாடோ, இது மா அமலியோட மனை. நான் லூடே."

"தாது! தாது! தாது!" கூரை அதிர்ந்தது. டோ மியா அழுதேவிட்டாள். அமலியின் புண்ணியத்தையும் மறக்காமல் சொன்னாரே, என்ன பெருந்தன்மை என்று பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிங்கராயர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். அடக்கம் என்று நினைத்து இன்னும் ஒருமுறை வாழ்த்தினார்கள். "லூடே, லூடே!" என்று அவர் கத்தக் கத்த, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சயாடோ மட்டும் கண்ணை இடுக்கிப் பார்த்தார். இத்தனை வயதில் எத்தனை தானம் பார்த்திருப்பார்! சந்தோஷமாகக் கொடுக்கிறவன் முகம் இப்படி இருக்காது என்று அவருக்குத் தெரியாதா? அமலி பக்கம் திரும்பினார்.

"அம்மா, இது உன் மனையா இருந்ததுங்கறாரு. இவர் என்ன பண்ணினாரு? நீ சொல்லு."

அவ்வளவுதான். இதோ வீடு. பிடுங்கினார் என்று சொல்ல அவளுக்கு மூச்சே வேண்டாம். கையை வெடுக்கென்று இழுத்துக் காட்டினாலே சயாடோவுக்குப் புரிந்துவிடும். அமலி சிங்கராயரைப் பார்த்தாள். அந்த முகத்தில் அதற்குள் ஒரு நம்பிக்கை துளிர்விட்டிருந்தது. தப்பித்துவிடுவோம் என்கிற நம்பிக்கை. தப்பித்து, நாளைக்கு இன்னொரு மூலையில், இன்னொரு தங்கச்சியிடம், இன்னொரு பிள்ளையின் தலையில் கை வைக்கலாம் என்கிற நம்பிக்கை.

அமலி வடைத் தட்டைக் கீழே வைத்தாள். கை கூப்பினாள். டோ மியா எத்தனையோ காலம் மூக்கைப் பிடித்துக் காட்டிய அந்த மூச்சை மெல்ல விட்டு, அட்சரம் பிசகாமல் சொன்னாள்:

"ஹ்லூடே."

டோ மியாவே திரும்பிப் பார்த்தாள். சயாடோ தலையை அசைத்தார். பொங்கிமார் ஓத ஆரம்பித்தார்கள். செம்பைச் சிங்கராயர் கையில் திணித்தார்கள். செம்பு நழுவப் பார்க்க, டோ மியா அடியில் தாங்கிக்கொண்டாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெள்ளிக் கிண்ணத்தில் விழுந்தது. அமலி கிணற்றுத் தண்ணீர்தான் அது. கிண்ணம் நிறைந்ததும் எடுத்துப்போய்ப் பலாமரத்தடியில் ஊற்றினார்கள்.

சாய்ப்புக்குத் திரும்பியதும் ஞானமுத்து சொன்னார்.

"நீ மாத்திச் சொல்லியிருந்தா வீடு நம்ம கைக்கு வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"அப்புறம் ஏன்டி?"

"வீடும் வந்திருக்கும். அந்த ஆளும் நல்லா இருந்திருப்பான்" என்றாள் அமலி. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கிணற்றுக்காக அழுதாள், கூடத்துக்காக அழுதாள், செசிலியாவின் கான்வென்ட்டுக்காக அழுதாள். சிங்கராயருக்காக ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

தம்மயோன் எழும்பியது. மனை கொடுத்த மகராசன் தூணும் கூரையும் கொடுக்கமாட்டாரா என்று வட்டாரம் போய் நின்றது, அதற்கும் அவர்தான் கொடுத்தார். முகப்பில் தங்க எழுத்தில் அவர் பேர். கண்டக்டர்களும் நிறுத்தத்தின் பேரை மாற்றிவிட்டார்கள். "ஊ செய்ன் ஹ்லா தம்மயோன்! இறங்கு, இறங்கு!" என்று மூக்கு நிறைய மூச்சு விட்டுக் கூவினார்கள். எதிரில், டோ மியா வாசலில், அமலியின் வடை அடுப்பு. சிங்கராயர் வேலையாக இந்தப் பக்கம் வர நேர்ந்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சேற்றில் நடந்து போவதாகக் கேள்வி.

ஒருநாள் பஸ்ஸில் கண் அயர்ந்துவிட்டார்போல. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பி இறக்கிவிட்டான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் எழுந்து கை கூப்பினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அமலி இலையில் இரண்டு வடையை வைத்து நீட்டினாள்.

"வாங்க, ஊ செய்ன் ஹ்லா."

அவர் நின்றார். "உனக்கு அந்த மூச்சு வராதேடி" என்றார் மெதுவாக, தமிழில்.

"வராமத்தான் இருந்துச்சு, அண்ணே" என்றாள் அமலி. "உங்களாலதான் வந்துச்சு. வடைய எடுத்துக்கங்க, சூடு ஆறுது."